வாத்துப் பட்டியில் சேறு: எதைப் பரப்பலாம்?

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் ஆறு வாத்து வளர்க்கிறீர்கள், மரத்தூள் போட்டும் இரண்டே நாளில் சேறாகி நாறுகிறது, மல்லாட்டை (வேர்க்கடலை)த் தோல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பரே, முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கவனியுங்கள். வாத்து தீனியை வாயில் வைத்துக்கொண்டே தண்ணீருக்கு ஓடும், தலையை முக்கி உதறும். சேறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தொட்டியைத் தாழ்வான ஓரத்துக்கு நகர்த்தி, அடியில் ஓர் அடிக்குப் பள்ளம் எடுத்து உடைகல் நிரப்பி, மேலே உருண்டைக் கூழாங்கல் பரப்புங்கள். கூரான ஜல்லி மேலே வரவே கூடாது. பாதத்தில் கீறல் விழுந்தால் சீழ் கட்டி நொண்டும்.

இரவு அடைக்கும் கூண்டுக்கு என்னைக் கேட்டால் வைக்கோல்தான். கீழே நாலு விரல் உமி, மேலே வைக்கோல். நனைந்ததை மட்டும் தினமும் அள்ளிவிட்டுப் புதுசு போடுங்கள். வாங்கும்போது ஒரு பிடி உருவி முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தாலோ, உதறினால் சாம்பல் தூசி பறந்தாலோ வேண்டாம். அந்தப் பூசணம் நுரையீரலில் இறங்கினால் வாத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அப்புறம் தேற்றுவது கஷ்டம். மல்லாட்டைத் தோலுக்கு நான் தயங்குவதும் இதனால்தான். நன்றாகக் காய்ந்தது கிடைத்தால் கோடையில் போடலாம், ஐப்பசி மழையில் வேண்டவே வேண்டாம்.

நைசான மரத்தூளையும் நிறுத்திவிடுங்கள், தீனியோடு சேர்த்து விழுங்கும். ஆசாரி இழைக்கும்போது விழும் சுருள் என்றால் சரி. அள்ளிய வைக்கோலை மக்கவிட்டு வாழைக்குப் போடலாம்.