அறிவியல் இருக்கும்போது தத்துவம் படிப்பதால் என்ன பயன்?

கேள்வி: பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் நன்றாகப் படித்த என் தம்பி, கல்லூரியில் தத்துவம் சேரப்போகிறேன் என்கிறான். எல்லாவற்றுக்கும் அறிவியலே பதில் சொல்லிவிடும்போது தத்துவம் படித்து என்ன ஆகப்போகிறது?

பதில்: நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். தத்துவத்துக்குள் வந்தது அதற்கு அப்புறம்தான், அதுவும் சொந்த ஆர்வத்தில். கல்லூரியில் எங்களுக்கு அணு உலகத்தின் அடிப்படைச் சமன்பாடான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் துகளின் நிலையை விவரிக்க வரும் அலைச்சார்பு உண்மையில் எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் தத்துவம்பா, பரீட்சைக்கு வராது" என்று பதில் வரும். எங்கள் வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரிய பெரிய இயற்பியலாளர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால், ஐன்ஸ்டைன் இளம் வயதில் தத்துவவாதி டேவிட் ஹியூமைப் படித்த கதையை எடுத்துவிடுவது வழக்கம். அது பலருக்கும் தெரிந்ததுதான். நான் கிரேட்டே ஹெர்மன் என்ற ஜெர்மானியப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹெர்மன் ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணித மேதை எம்மி நோத்தரிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு லியோனார்ட் நெல்சன் என்ற தத்துவவாதியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்ற, தத்துவவாதி கான்ட்டின் கொள்கையில் ஊறிய கூட்டம் அது. அணு உலகத்தை விளக்கும் குவாண்டம் இயக்கவியலோ நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு ரேடியம் அணு ஏன் முந்தைய நொடியில் சிதையாமல் இந்த நொடியில் சிதைகிறது என்று கேட்டால், காரணம் எதுவும் கிடையாது, நிகழ்தகவு மட்டும்தான் என்றார்கள். இதைக் கேட்டு ஹெர்மன் வீட்டில் உட்கார்ந்து கண்டனக் கட்டுரை எழுதவில்லை. 1934இல் லைப்சிக் போய், குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க்கிடமும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களிடமும் நேரில் வாதாடினார், இயற்பியலையும் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் இயற்பியலாளர்கள் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. கணித மேதை ஜான் வான் நியூமன் 1932இல் எழுதிய நூலில் வரும் நிரூபணம் அது. அணுவுக்குள் நமக்குத் தெரியாத காரணிகள் ஒளிந்திருந்து முடிவைத் தீர்மானிக்கின்றன என்று சொல்லவே வழியில்லை என்று அதில் நிறுவியிருந்தார். வான் நியூமனே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்று பெரும்பாலோர் நகர்ந்துவிட்டார்கள்.

ஹெர்மன் அந்த நிரூபணத்தை வரி வரியாகப் படித்தார். இரண்டு அளவுகளைக் கூட்டி அதன் சராசரியை எடுத்தாலும், தனித்தனியே சராசரி எடுத்துக் கூட்டினாலும் ஒரே விடை வரும் என்று ஓர் இடத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. குவாண்டம் கோட்பாட்டுக்குள் அது சரி. ஆனால் ஒளிந்திருக்கும் காரணிகள் உண்டு என்று வைத்துப் பார்த்தால், அவற்றுக்கும் இந்த விதி பொருந்த வேண்டும் என்று யார் சொன்னது? சேர்த்து அளக்கவே முடியாத இரண்டு அளவுகள் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. நிறுவ வேண்டிய முடிவையே தொடக்கத்தில் எடுகோளாக உள்ளே வைத்துவிட்டார்கள் என்று 1935இல் எழுதினார். (வாதத்தில் நுழையும், சரி போலத் தோன்றும் இந்த மாதிரித் தவறுகளை, அதாவது போலிகளை, வகை வகையாகப் பிரித்துப் படிப்பது தத்துவத்தின் பழைய வேலை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கப் போலி, ஏதுப் போலி என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது.)

கட்டுரை வந்தது ஒரு தத்துவ இதழில். இயற்பியலாளர்கள் அதைப் புரட்டவில்லை. ஹெர்மன் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், அடுத்த வருடமே நாட்டை விட்டு வெளியேறினார். 1952இல் இயற்பியலாளர் டேவிட் போம், வான் நியூமன் முடியாது என்று சொன்ன அதே மாதிரிக் கோட்பாட்டை உருவாக்கிக் காட்டிவிட்டார். ஜான் பெல் என்ற இன்னொரு இயற்பியலாளர் அதைப் பார்த்துத் திகைத்து, நிரூபணத்தைத் தானும் கிண்டினார். ஹெர்மன் கண்டுபிடித்த அதே ஓட்டை. பெல்லின் கட்டுரை 1966இல்தான் அச்சாகியது. இருவரும் வான் நியூமனைக் கொஞ்சம் அநியாயமாகப் படித்துவிட்டார்கள் என்று வாதிடுபவர்களும் இன்று உண்டு. இருக்கட்டும். அந்த நிரூபணத்தைக் காட்டிக் கேள்வியை மூடிவைத்திருந்தது தவறுதான்.

பெல்லுக்குச் சம்பளம் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான சேர்னில் துகள் முடுக்கி வேலைக்கு. இந்தத் "தத்துவம்" எல்லாம் ஓய்வு நேரத்தில்தான். ஆனால் 1964இல் அவர் தந்த சமனின்மை (ஐன்ஸ்டைன் நினைத்த மாதிரிக் காரணிகள் ஒளிந்திருந்தால் அளவீடுகள் தாண்ட முடியாத ஒரு வரம்பு), பரீட்சைக்கு வராத அந்தக் கேள்வியைச் சோதனை மேசைக்கே கொண்டுவந்தது. 1972இல் கிளௌசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பேயின் குழுவும் சோதித்தார்கள். ஒளிந்திருக்கும் காரணிகள் இருந்தாலும், தூரத்தில் நடப்பது இங்கே உடனடியாகப் பாதிக்காது என்ற ஐன்ஸ்டைனின் நிபந்தனைக்கு அவை அடங்காது என்று தெரிந்தது. கிளௌசர், ஆஸ்பே, பின்னாளில் இதே வழியில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு.

பதிலைத் தந்தது சோதனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் முடிந்துபோனது என்று நினைத்த கேள்வியில், யாரும் தொடாத எடுகோளை விரலால் சுட்டிக்காட்டியது தத்துவப் பயிற்சி. எனக்குத் தெரிந்து தத்துவத்தின் பெரிய மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாழ்க்கையின் அர்த்தம், மன நிம்மதி என்று சொல்லி விற்பவர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மறுபக்கமும் உண்டு. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று மனிதனால் ஒருநாளும் அறிய முடியாது என்று 1835இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் கோம்ட் எழுதினார். அவர் இறந்து இரண்டே வருடத்தில், 1859இல், புன்சனும் கிர்க்காஃபும் ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையை வைத்துத் தனிமங்களை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1868இல் சூரிய ஒளியில் பார்த்த ஒரு புதிய கோடு, பூமியில் அதுவரை யாரும் கண்டிராத ஹீலியம். ஆய்வகத்தில் நடப்பது தெரியாமல் "இது முடியாது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும். ஹெர்மனுக்கு அந்த ஓட்டை கண்ணில் பட்டதற்கு நோத்தரிடம் கற்ற கணிதமும் ஒரு காரணம்.

சரி, தம்பி விஷயம். அவனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் நான் சொல்வது: இளநிலையில் இயற்பியலோ கணிதமோ எடுக்கட்டும், கூடவே தத்துவத்தைத் தானாகப் படிக்கட்டும். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் எம்.ஏ. தத்துவத்தில் சேரப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. பி.ஏ. தத்துவம் முடித்துவிட்டு எம்.எஸ்சி. இயற்பியல் வேண்டும் என்று போனால் பல இடங்களில் விண்ணப்பத்தையே ஏற்க மாட்டார்கள். இல்லை, எனக்குத் தத்துவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தடுக்காதீர்கள். ஏதாவது ஓர் அறிவியலை வீட்டுப்பாடக் கணக்குகளோடு உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும் என்று மட்டும் அவனிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.