தோப்புப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. கணவர் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு தனியார் மையத்தில் எனக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, டெஸ்ட் டியூப் சிகிச்சைதான் வழி, இரண்டு லட்சம் ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு இருக்கும் சிறிய மாந்தோப்பை அடகு வைக்கலாமா?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: இப்போது வேண்டாம். உங்களுக்கு எடுத்த ஸ்கேனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்ததாக ஒரு வரிகூட இல்லை. குழந்தைப் பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் இருப்பதால், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் எந்தச் சிகிச்சையையும் தீர்மானிப்பது முறையன்று. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்த பிறகு மாதிரி கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தால், காய்ச்சலோ வேறு நோயோ கூட அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அதை அவர் இன்றே விட்டுவிடட்டும். (மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.)

அடுத்து, உங்களுக்கு மாதந்தோறும் கருமுட்டை வெளியாகிறதா, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். சாதாரண ஸ்கேனில் குழாய் அடைப்பு பெரும்பாலும் தெரியாது. அதற்கென்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே இருக்கிறது. நம் நாட்டில் வெளியே தெரியாமல் இருக்கும் காசநோய்கூட குழாயை அடைத்துவிடுவதுண்டு. குழாய்கள் திறந்திருந்து, விந்தணுக்களும் போதுமான அளவில் இருந்தால், முட்டை வளர்ச்சிக்கான மாத்திரையும், தேவைப்பட்டால் விந்தணுக்களைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையும் முதலில் முயன்று பார்க்கத் தக்கவை. இரண்டு குழாய்களும் அடைபட்டிருந்தாலோ, விந்தணு மிகவும் குறைந்திருந்தாலோ, ஐ.வி.எஃப். எனப்படும் டெஸ்ட் டியூப் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படலாம், அப்போது நாளைக் கடத்துவதில் பயனில்லை.

இந்த ஆரம்பக் கட்டத்துக்குக் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் இருக்கிறது. ஆனால் பலமுறை போய்வர வேண்டிய சிகிச்சைக்குப் பஸ் கட்டணத்தையும் இழக்கும் கூலியையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பதை மறைப்பதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தைப் பேறு தள்ளிப்போகும் சிக்கலைச் சந்திக்கிறார். செல்வ நாடுகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நம்மைப் போன்ற நாடுகளில் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுவதால், ஒரே முயற்சிக்கு நிலம் போய்விடுகிறது. அந்த ஒரு முயற்சியும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கைகூடுவதில்லை.

பரிசோதனைகளுக்குப் பிறகும் ஐ.வி.எஃப். தான் என்றால், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வெற்றி வாய்ப்பையும் செலவையும் விளக்கிச் சொல்வது அவர்களின் கடமை. இரண்டு லட்சத்தில் ஊசி மருந்து அடங்குமா, மிஞ்சும் கருவை உறைய வைக்கத் தனிக் கட்டணமா, முதல் முயற்சி தவறினால் அடுத்ததற்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.