மாத்திரையைக் கூட்டினால் கிட்னி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 53. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு, கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும். இத்தனை நாள் கட்டுப்பாட்டில் இருந்தது, இப்போது வெறும் வயிற்றில் 172, சாப்பிட்ட பின் 268, எச்பிஏ1சி 8.9. மெட்ஃபார்மினை வேளைக்கு 1000 ஆக்கச் சொல்கிறார் டாக்டர். கிட்னி போய்விடும் என்று பலரும் சொல்வதால் கூட்டவில்லை (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.8). இரவில் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் காலையில் குறையவில்லை. போன மாதம் முழங்காலில் ஊசி போட்டேன், அதனாலா? வெள்ளிக்கிழமை விரதத்தில் மாத்திரை போட்டால் மதியம் கை நடுங்குகிறது.

பதில்: முதலில் அந்தக் கை நடுக்கம். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை தாழும். நடுங்கும்போது சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். காலைச் சாப்பாடு இல்லாத அன்று அந்த மாத்திரை வேண்டாம். இதை டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

மூட்டில் போட்டது ஸ்டீராய்டு ஊசி என்றால் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரம், சர்க்கரை ஏறும். ஆனால் எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. 8.9 என்றால் சராசரி 210-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. இதற்கு ஊசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வருடத்துக்கு வருடம் களைக்கின்றன. பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் என்ற சர்க்கரை நோய் ஆய்வில், ஒரே மருந்தோடு ஒன்பதாம் ஆண்டிலும் எச்பிஏ1சியை 7-க்குள் வைத்திருந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஆகவே மருந்து கூடுவது உங்கள் தவறு இல்லை. ஆனாலும் எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, விடாத இருமல், சிறுநீர் எரிச்சல், பல் ஈறில் சீழ் இருந்தாலோ அதைத் தனியே பார்க்க வேண்டும். நம் ஊரில் காசநோயும் சர்க்கரையும் சேர்ந்தே வருவதுண்டு.

கிட்னிக்கு வருவோம். அதைக் கெடுப்பது பல வருடம் கூடிக்கிடக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அதைக் குறைப்போம், கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். பலருக்கு அதைப் பார்த்துத்தான் இந்தப் பயமே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிரியாட்டினின் 0.8 உள்ள உங்களுக்குக் கூட்டுவதில் தடையில்லை. ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரலாம்; வாரத்துக்கு 500 வீதம், சாப்பாட்டோடு கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே வைட்டமின் பி12 அளவும் பாருங்கள், மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் அது குறையலாம். கிரியாட்டினின் சரியாக இருந்தும் கிட்னி பாதிப்பு தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் மைக்ரோ அல்புமின் சோதனை வருடத்துக்கு ஒருமுறை அவசியம்.

கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். சோற்றைவிட மேல் என்று ஒரு பெரிய டம்ளர் குடித்தால் சோற்றுக்கும் அதற்கும் கணக்கு சரியாகிவிடும்! அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை, கூடவே சுண்டலோ முட்டையோ சாப்பிடலாம். காலை எண்ணிக்கை மட்டும் உணவால் அவ்வளவாக இறங்காது. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடுகிறது. அதை அடக்குவதுதான் மெட்ஃபார்மினின் முக்கிய வேலை.

கூட்டிய பின் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். அப்போதும் 7-க்கு மேலே நின்றால், கிளிமிபிரைடைக் கூட்டுவதற்குப் பதில் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து எனக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். கிட்னிக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு தருவது அது, இப்போது விலையும் குறைந்திருக்கிறது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதால் சுத்தத்தில் கவனம் வேண்டும். அதை எடுக்கும் காலத்தில் பட்டினி விரதம் கூடாது. காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவைக்க வேண்டும்.