ஆதரவுக் குழுவா, சிபிடி குழுவா?

சமூகப் பதற்றத்துக்காக (பிறர் முன் பேசவும் பழகவும் வரும் பயம்) எட்டு மாதம் ஆதரவுக் குழுவுக்குப் போயும் கூட்டத்தில் பேசும்போது குரல் நடுங்குகிறது, அடுத்து சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) குழுவா, மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனம் வைக்கும் பயிற்சி) குழுவா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டில் முதலில் சிபிடி குழுவைப் பாருங்கள்.

ஆதரவுக் குழுவில் மனம் லேசாகும். ஆனால் பயத்தை அங்கே நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் நடக்காது. உளவியலாளர் ஹெய்ம்பெர்க் வடிவமைத்த சிபிடி குழுவில் சுமார் 6 பேர், 2 சிகிச்சையாளர்கள், வாரம் ஒன்றாக 12 அமர்வுகள். தொடக்க அமர்வுகள் முடிந்ததுமே ஒத்திகை, அதாவது பயப்படும் சூழலைக் குழுவுக்குள்ளேயே நடித்துப் பார்ப்பது, ஆரம்பித்துவிடும். பேசுமுன் 'எல்லோரும் சிரிப்பார்கள்' போன்ற கணிப்பைப் பலகையில் எழுதுவார்கள். பேசும்போது பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் சொல்ல வேண்டும். முடிந்ததும் கணிப்பு பலித்ததா என்று குழுவே பார்க்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: வரிகளை மனப்பாடம் செய்வது, கண்ணைத் தவிர்ப்பது, தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வது. அப்படிப் பேசினால் 'பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்' என்றே மனம் கணக்கு வைக்கும். ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள்.

பேசி முடித்தபின் இரவெல்லாம் அசைபோடுபவர் என்றால் மைண்ட்ஃபுல்னஸ் துணைக்கு உதவும், மாற்றாக அல்ல. குழுவில் உட்காரவே முடியாவிட்டால் தனிநபர் சிபிடி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2013 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறது.

சேருமுன் கேளுங்கள்: அமர்வுக்குள் ஒத்திகை உண்டா? வீட்டுப்பாடம் உண்டா? இரண்டும் இல்லையென்றால், அது பெயர் மாறிய ஆதரவுக் குழுதான்.