கிளாம்பாக்கம் வந்தாச்சு, பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: வயது 34. தாம்பரம் மெப்ஸில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 85,000 ரூபாய், குரோம்பேட்டையில் வாடகை 17,000, சேமிப்பு 20 லட்சம். பெருங்களத்தூரில் கட்டிக்கொண்டிருக்கும் 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 65 லட்சம் சொல்கிறார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் எட்டாது என்கிறார்கள் வீட்டில். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம்.

65 லட்சத்தில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 52 லட்சம் தரும். மீதி 13 லட்சம் உங்கள் கைப்பணம். கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.25 லட்சம். 50 லட்சத்தைத் தாண்டிய புது ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 4.55 லட்சம். ஆக 20.80 லட்சம். கபோர்டு அடிப்பதற்கு முன்பே சேமிப்பு காலி.

8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் இஎம்ஐ சுமார் 45,100. சம்பளத்தில் பாதிக்கு மேல். முதல் மாத இஎம்ஐயில் வட்டி மட்டுமே 36,800. உங்கள் வாடகையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வீடு கைக்கு வரும்வரை வாடகையும் சேர்ந்து ஓடும். பில்டர் ஒரு வருடம் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வளர்ச்சி பொய்யில்லை. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. ஆனால் வந்துவிட்ட வசதிக்கான காசு அந்த 65 லட்சத்திலேயே இருக்கிறது. இனி ஏறுவதில் உங்கள் பங்கை யுடிஎஸ்தான், அதாவது மனையில் உங்கள் பேருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்குதான், முடிவு செய்யும். ஊர் வளர்ந்தால் ஏறுவது நிலத்தின் விலை, கட்டடத்துக்குத் தேய்மானம்தான். ஒரே விலையில் ஒரு ஃபிளாட்டுக்கு 500 சதுர அடி யுடிஎஸ், இன்னொன்றுக்கு 280 என்றால் முதலாவதைப் பாருங்கள். ஜிம்மைக் காட்டி இரண்டாவதை விற்பது சுலபம், அது வேறு விஷயம். 1,000 சதுர அடி என்பது கார்பெட் ஏரியாவா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு), படிக்கட்டும் லிஃப்டும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவில் கார்பெட் அளவு இருக்கும்.

உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும் இஎம்ஐ 35,000க்குள். சுமார் 48 லட்சத்தில் கட்டி முடித்து, நிறைவுச் சான்று வாங்கிய புது ஃபிளாட் தேடுங்கள். ஜிஎஸ்டி கிடையாது, முத்திரைத்தீர்வை 4 சதவீதமாகக் குறையும். பதிவுச் செலவும் சேர்த்துக் கைப்பணம் 12.5 லட்சம், கடன் 38.4 லட்சம், இஎம்ஐ 33,300. மிச்சம் 7.5 லட்சத்தில் ஆறு மாதச் செலவைத் தொடாமல் வையுங்கள்.

விளம்பரத்தில் ‘தாம்பரம்’ என்று இருந்தாலும் வீடு ஊராட்சியில் இருக்கலாம். சொத்து வரி ரசீதைப் பாருங்கள். பாதாள சாக்கடை இணைப்பு இல்லையென்றால் கழிவுநீர் லாரிக்கும், போர் தண்ணீர் உப்பென்றால் தண்ணீர் லாரிக்கும் மாதாமாதம் அழ வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் 2015 டிசம்பரில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், பில்டரிடம் அல்ல. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி மூன்றையும் வக்கீல் பார்த்துச் சொன்ன பிறகே அட்வான்ஸ்.