வீட்டுக்கு முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள், தம்பி

திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 23, மென்பொருள் வேலை, இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி), மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிங்கப்பூர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. “இந்த வயதில் மறக்கவே கூடாத விஷயம் என்ன? வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம், எத்தனை வருடம் இருந்துவிட்டுத் திரும்பலாம்?” என்கிறார்.

தம்பி, சேமியுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கெட்ட சகவாசம் வேண்டாம் என்று விமான நிலையம் வரைக்கும் வந்து சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வரவு செலவு முழுவதையும் அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

6,000 வெள்ளி என்றதும் ஊரில் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார்கள். நாலு லட்சம் வரும். அதற்கப்புறம் எல்லார் மனதிலும் அந்த நாலு லட்சம்தான் நிற்கும். சித்தப்பா பைபாஸ் ஓரமாக ஒரு மனை பார்த்து வைத்திருப்பார். மாடி எடுக்க மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போயிருப்பார். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இங்கே ஒரு அறைக்கு என்ன வாடகை என்று நாம் வாயைத் திறந்ததே இல்லையே.

இங்கே சம்பளம் வருகிற விதம் நமக்கே கண்ணைக் கட்டும். ஊரில் டிடிஎஸ், பிஎஃப் எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வந்தது. இங்கே இபிக்காரருக்கு 6,000 என்றால் 6,000 அப்படியே கணக்கில் விழுகிறது. வரியை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 18-க்குள் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பிறகு பில் வரும். வருடம் முழுக்க 72,000 வெள்ளி சம்பாதித்தவருக்கு, பெரிய விலக்கு எதுவும் இல்லையென்றால், 2,700 வெள்ளி அளவில் வரி. இந்திய வரியைப் பார்த்தவனுக்கு இது ஒன்றுமே இல்லை. கைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற ஏற்பாட்டில், போட்டால் வட்டியில்லாமல் 12 தவணையாகவும் கட்டலாம். ஆனால் அந்தப் பணத்தையும் சேர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டவன் பில்லைப் பார்த்ததும் முழிப்பான்.

அப்புறம் சிபிஎஃப், நம் ஊர் பிஎஃப் மாதிரி. அது குடிமக்களுக்கும் பிஆர் என்கிற நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், நமக்குக் கிடையாது. உங்கள் பக்கத்து இருக்கையில் அதே 6,000 வாங்கும் சிங்கப்பூர்ப் பையனுக்கு மாதம் 1,200 பிடிக்கிறார்கள், அதற்கு மேல் முதலாளி 1,020 போடுகிறார். கையில் வருவது உங்களைவிட அவனுக்குக் குறைவு. ஆனால் வருடக் கடைசியில் அவன் பெயரில் 26,000-க்கு மேல் சேர்ந்திருக்கும். உங்களுக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள், யாரும் போடவும் மாட்டார்கள். அதனால் அந்த 1,200-ஐ நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுவோம். நீங்கள் சொன்ன அறை வாடகை 1,100. சாப்பாடு, பெரும்பாலும் ஹாக்கர் சென்டர் என்கிற மலிவு உணவங்காடியில் என்றால், 600. எம்ஆர்டி ரயில், பஸ் 130. போன், கரண்டு, தண்ணீர் 120. வரிக்கு 225. உங்கள் சேமிப்பு 1,200. எல்லாம் போக 2,600 சொச்சம் நிற்கும். அதில் 1,500 வீட்டுக்கு. ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய், எந்த வீட்டுக்கும் அது சின்னப் பணம் இல்லை. மிச்சத்தில்தான் தீபாவளி டிக்கெட், பல் டாக்டர், நண்பனோடு ஒரு சினிமா, ஏதாவது ஒரு படிப்பு எல்லாம். படிப்புக் கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

இதை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் அப்பாவை நோட்டும் பேனாவுமாக உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதட்டும். “சாப்பாட்டுக்கு அறுநூறா? வீட்டிலே சமைக்கக் கூடாதா?” என்று அம்மா குறுக்கே கேட்பார். கேட்கட்டும், பதில் சொல்லுங்கள். அப்பா தன் கையால் எழுதிக் கூட்டிப் பார்த்த கணக்கு அது. நாளைக்குச் சித்தப்பா மனையோடு வந்து நின்றால் அவரே எடுத்துக் காட்டிவிடுவார். நீங்கள் போனில் ‘முடியாது’ என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், தங்கமான மனிதர். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குப் போகும். தன் சேமிப்பு பூஜ்யம் என்று வீட்டில் சொன்னதே இல்லை, கௌரவம். ஒருநாள் கம்பெனியில் அவர் பிரிவையே மூடினார்கள். இபி ரத்தானால் தங்கியிருக்க 30 நாள் பாஸ் தருவார்கள், அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். அதைவிடப் பெரிய அடி, வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டால் வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது இங்கே விதி. பணம் மிகவும் தேவைப்படுகிற மாதத்தில்தான் அது கைக்கு வராது. டிக்கெட்டுக்குக் கைமாற்று வாங்கித்தான் ஊருக்குப் போனார். போனதும் அவர் அப்பா கேட்டாராம், “இத்தனை வருஷம் சம்பாதிச்சதெல்லாம் எங்கேப்பா?” கேட்டது, மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடியில் உட்கார்ந்துகொண்டு. அந்த அப்பா கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்காய் கிடைக்கும், ரயில் நிலையத்தில் தமிழில் எழுதியிருக்கும். அதனால் இது நம் ஊர் மாதிரிதான் என்று ஒரு மயக்கம் சீக்கிரமே வந்துவிடும். உங்கள் பாஸ் முடிகிற தேதியை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

எத்தனை வருடம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் கேட்டாலும் வருடக் கணக்குச் சொல்லாதீர்கள். ‘ரெண்டே வருஷம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பத்து வருடமாக அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் இங்கே ஏராளம். நிலவரத்தை மட்டும் சொல்லுங்கள். கல்யாணமானால் மனைவியை அழைத்து வர மாதா மாதம் மாறாமல் வரும் சம்பளம் 6,000 வேண்டும், நீங்கள் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். அப்பா அம்மாவை நீண்ட நாள் பாஸில் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். அது வரும்போது வரட்டும் என்று காத்திருக்காமல், இரண்டு பேருக்கும் முழங்கால் நன்றாக இருக்கும்போதே விசிட் விசாவில் ஒருமுறை கூட்டி வாருங்கள். நீங்கள் குடியிருக்கும் அறையைக் கண்ணால் பார்த்தால், அப்பா எழுதிய நோட்டுக் கணக்கு அவருக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. ஊர் வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள், வெளிநாட்டில் வேலைக்கு வந்தவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. கம்பெனியில் மருத்துவக் காப்பீடு உண்டா, எவ்வளவுக்கு என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். எஸ் பாஸ் என்கிற, இபிக்கு அடுத்த நிலை வேலை அனுமதிக்காரருக்கு அது கட்டாயம், இபிக்கு இல்லை, அரசு மருத்துவமனையில் நமக்கு மானியமும் கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேடிக் கிளாஸ்’ (diplomatic clause) என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அறையை விட அதுதான் வழி. பெரும்பாலும் முதல் வருடம் முடிந்த பிறகுதான் அது செல்லும், அதையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.