பத்திரிகைகளின் சத்தமும் நோர்வேயின் அமைதியும்

பத்திரிகையைத் திறந்தால் அரசைச் சாடும் செய்திகளே நிறைந்திருக்கையில் நோர்வேயை அமைதியான நாடு என்று எப்படி நம்புவது எனக் கேட்டிருந்தீர்கள். நெடுங்காலம் இங்கு வாழ்பவன் என்ற முறையில், அந்தச் செய்திகள் தடையின்றி வெளிவருவதும் இவ்வமைதிக்கு ஒரு காரணம் என்றே சொல்வேன்.

2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவிலும் உத்தோயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டபோது, முதல் சில மணி நேரம் பலருடைய சந்தேகம் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள் மீதே விழுந்தது. தெருவில் வசை கேட்டவர்களும் உண்டு. கொலையாளி இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தீவிர வலதுசாரி என்பது அன்றிரவே ஊடகங்களில் வெளிவராமல், இரண்டு நாட்கள் மூடிவைக்கப்பட்டிருந்தால் நமது நிலை என்னவாகியிருக்கும் என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு. கூடுதல் ஜனநாயகமும் கூடுதல் திறந்த தன்மையுமே தங்கள் பதில் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பேர்க். மறு ஆண்டு வெளியான சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை பொலிசாரின் தவறுகளை ஒளிக்காமல் எழுதியது. பொலிஸ் தலைவர் பதவி விலகினார்.

இங்கு பாராளுமன்றத்தை இடையில் கலைக்க அரசியலமைப்பில் வழியில்லை. தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்டம்பரில் நடக்கிறது. தோற்றவர்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், ஆட்சியைப் பிடிக்க வேறு வழி தேட வேண்டியதில்லை. ஆய்வேட்டில் பிறர் எழுத்தைத் தனது போல எடுத்தாண்டது அம்பலமாகி 2024 ஜனவரியில் உயர்கல்வி அமைச்சர் விலகியபோதும் அரசு அசையவில்லை.

எல்லாம் செம்மை என்று சொல்லமாட்டேன். பூசன் என்ற பகுதியின் காற்றாலைகளுக்கான உரிமங்கள் சாமி எனப்படும் பழங்குடி மக்களின் உரிமையை மீறியவை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்த பின்னரும் அரசு ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தது வெட்கத்துக்குரியது. 2023இல் சாமி இளைஞர்கள் அமைச்சகங்களின் வாயிலை மறித்து அமர்ந்ததையும் பொலிசார் அவர்களைத் தூக்கி அகற்றியதையும் நாடே பார்த்த பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் துப்பாக்கிச் சூடு எதுவுமின்றி அப்போராட்டம் முடிந்தது.

உங்களுக்கும் இதில் இடமுண்டு. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக வசித்தால், குடியுரிமை இல்லாமலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நகரசபையின் ஆவணங்களைப் பார்க்க, சட்டம் விலக்கியவை தவிர, பெயரோ காரணமோ சொல்லாமலேயே இன்றே விண்ணப்பிக்கலாம்.